முத்திரை ஒட்டிய மருந்துப் பெட்டி



இம்மாதப் பாடம் மருந்து வியாபாரத்தைப் பற்றியது. விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு ‘பேட்டன்ட் மருந்து’ என்று ஒன்று இருந்தது. செய்தித்தாளில் விளம்பரம் வரும். பணத்தைத் தபாலில் அனுப்பினால் மருந்து தபாலிலேயே வந்து சேரும். அந்த மருந்துகளில் என்ன இருந்தது, மக்கள் ஏன் வாங்கினார்கள், அதனால் யார் என்ன இழந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று நம் வாசலுக்கு வரும் பாட்டிலையும் எடைபோட நமக்குத் தெரியும். பெரியவர்கள் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஒரு பெட்டியின் கணக்கு

தாமஸ் பீச்சம் என்பவர் 1820-இல் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். பின்னர் மாத்திரை உருட்டிச் சந்தைகளில் விற்று, அப்போது லங்காஷயர் பகுதியில் இருந்த செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் பெரிய தொழிலாக வளர்த்தார். ஒரு பெட்டி மாத்திரை ஒரு கினி பெறும் என்பது அவருடைய புகழ்பெற்ற விளம்பரம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். ஆனால் அவர் விற்ற விலையோ 1 ஷில்லிங் 1½ பென்ஸ்தான். 21 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருள் ஒரு ஷில்லிங் சொச்சத்துக்குக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவருக்கு லாபம் பார்த்த மகிழ்ச்சி.

1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ‘ரகசிய மருந்துகள்’ என்ற பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டது. விற்பனையில் இருந்த மருந்துகளை வாங்கிச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன, அதற்குச் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டு அச்சிட்டார்கள். பீச்சம் பெட்டியில் 56 மாத்திரைகள் இருந்தன. அவற்றில் இருந்தவை மூசாம்பரம், சுக்குப் பொடி, சோப்பு. மூசாம்பரம் என்பது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கி எடுப்பது. நம் பாட்டிமார்களும் பேதிக்குக் கொடுத்ததுதான். இந்த 56 மாத்திரைகளுக்கான சரக்கின் விலை சுமார் அரை ஃபார்த்திங்.

ஒரு பென்னிக்கு 4 ஃபார்த்திங். அப்படியென்றால் அரை ஃபார்த்திங் என்பது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. பெட்டியின் விலை 13½ பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரக்கின் விலையைப் போல 108 மடங்கு.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூசாம்பரம் உண்மையிலேயே மலச்சிக்கலைத் தீர்க்கும். வயிறு கட்டிக்கொண்டவருக்கு இந்த மாத்திரை வேலை செய்திருக்கும். ஆனால் விளம்பரம் மலச்சிக்கலோடு நிற்கவில்லை. தலைசுற்றல், தூக்கமின்மை, மூச்சுத் திணறல், நரம்புக் கோளாறு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு பேதி மருந்தை எல்லா நோய்க்கும் மருந்தாக்கியது அந்தப் பட்டியல்தான்.

பெயரிலேயே ஒரு பிழை

‘பேட்டன்ட்’ என்றால் காப்புரிமை. காப்புரிமை வேண்டுமென்றால், பொருளை எப்படிச் செய்கிறோம் என்பதை எழுதி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் யாரும் அதைச் செய்துகொள்ளலாம். இந்த மருந்து வியாபாரிகளில் பெரும்பாலோர் அதற்குத் தயாராக இல்லை. எழுதிக் கொடுத்தால் உள்ளே இருப்பது மூசாம்பரமும் சோப்பும் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே பெயரளவில் அவை பேட்டன்ட் மருந்துகள். நடைமுறையில் ரகசிய மருந்துகள்.

மக்கள் நம்பியதற்கு இன்னொரு காரணம், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அரசு முத்திரை. 1783-இல் பிரிட்டிஷ் அரசு இத்தகைய மருந்துகளுக்கு ஒரு வரி விதித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் முத்திரைத்தாள் ஒட்ட வேண்டும். ஒரு ஷில்லிங் மருந்துக்கு 1½ பென்ஸ் வரி. மேலே சொன்ன விலையில் ஒட்டிக்கொண்டிருந்த 1½ பென்ஸ் அதுதான். வரி கட்டிய ரசீதைத் தவிர அந்த முத்திரைக்கு வேறு பொருள் கிடையாது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழைத் தொழிலாளி என்ன நினைப்பார்? அரசாங்கமே சோதித்து முத்திரை குத்தியிருக்கிறது என்றுதான் நினைப்பார். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், மற்றதெல்லாம் போலி என்று வியாபாரிகளும் விளம்பரம் செய்தார்கள். இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் ஆகாது என்று பிற்காலத்தில் முத்திரையிலேயே அச்சிட வேண்டியதாயிற்று. அரசுக்கோ அதில் வருமானம் இருந்தது. வரியை நீக்க 1941 வரை ஆயிற்று.

வாங்கியவர்கள் ஏமாளிகளா?

அப்படிச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியாகாது. அந்தக் காலத்து டாக்டரிடம் போனாலும் இரத்தத்தை வடிப்பதும், பாதரசம் கலந்த மருந்தைக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தன. கட்டணமும் தொழிலாளிக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. ஒரு ஷில்லிங் சொச்சத்துக்கு வீடு தேடி வரும் மாத்திரை அந்தக் குடும்பத்துக்கு மலிவான வழியாகத்தான் தெரிந்தது.

காலமும் வியாபாரிகளுக்குத் துணை நின்றது. 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி பிரிட்டனில் வந்தது. 1853-இல் விளம்பர வரியும், 1855-இல் செய்தித்தாள் முத்திரை வரியும் நீங்கின, பத்திரிகைகள் மலிந்தன. 1881-இல் போஸ்டல் ஆர்டர், 1883-இல் பார்சல் தபால். கடைக்குப் போகாமல், யாரையும் பார்க்காமல், எந்த நோய்க்கும் மருந்து வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டது.

குழந்தைக்குக் கொடுத்த ‘அமைதி’

மூசாம்பரம் பணத்தைத்தான் தின்றது. உயிரைத் தின்றது அபின்.

ஆலைகள் நிறைந்த ஊர்களில் தாய்மார்கள் கைக்குழந்தையை அக்கம்பக்கத்துக் கிழவிகளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அழும் பிள்ளைக்குக் ‘கோட்ஃப்ரே கார்டியல்’ என்ற மருந்தைப் புகட்டுவது வழக்கமாக இருந்தது. அது சர்க்கரைப் பாகில் கலந்த அபின். மருந்துக்கடைக்காரர் ஒவ்வொருவரும் தம் கைப்பக்குவத்தில் கலந்ததால் வீரியம் கடைக்குக் கடை மாறியது. ஒரு கடையின் பாட்டிலில் பழகிய அளவை இன்னொரு கடையின் பாட்டிலிலிருந்து கொடுத்தால் குழந்தை எழுந்திருக்காமலே போகலாம். உடனே சாகாத குழந்தைகளும் மயக்கத்திலேயே கிடந்து, பால் குடிக்காமல் மெலிந்து இறந்தன. அழுகை நின்றதைப் பார்த்துத் தாய் மருந்து கேட்கிறது என்று நினைத்தாள்.

அமெரிக்காவில் 1849-இல் விற்பனைக்கு வந்த ‘மிசஸ் வின்ஸ்லோ’ சிரப் பல் முளைக்கும் குழந்தைகளுக்கானது. அதில் இருந்தது அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின். பாட்டிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாயும் சேயும் கொஞ்சும் அழகான படத்தோடு விளம்பரம் வந்தது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் பணியாற்றிய ராணுவ டாக்டர் காலிஸ் பிரவுன், 1848-இல் காலராவுக்காகக் ‘குளோரோடைன்’ என்ற மருந்தைக் கலந்தார். அபின், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் அதில் இருந்தன. அபின் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும். ஆகவே சிலருக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் இருமல், சளி, தூக்கமின்மை என்று எல்லாவற்றுக்கும் விற்கப்பட்டபோது பலர் அதற்கு அடிமையானார்கள். அளவு மீறிக் குடித்து இறந்தவர்களும் உண்டு. 1868-இல் வந்த சட்டம், அபின் விற்பவர் பாட்டிலில் ‘விஷம்’ என்று எழுத வேண்டும் என்றது. பேட்டன்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1890-களில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே அந்த ஓட்டை அடைபட்டது.

தபால் பெட்டிக்குள் விழுந்த ரகசியங்கள்

அமெரிக்காவின் லின் நகரில் லிடியா பிங்கம் என்ற பெண்மணி 1875 முதல் பெண்களின் நோய்களுக்கு ஒரு மூலிகை டானிக் விற்றார். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசும் விஷயங்களை எனக்கு எழுதுங்கள், பெண்ணுக்குப் பெண் பதில் எழுதுகிறேன் என்பது அந்த நிறுவனத்தின் அழைப்பு. ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. லிடியா 1883-இல் இறந்துவிட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்லி விளம்பரங்கள் வந்தன. கடிதம் எழுதிய பெண்களுக்குப் பதிலும் போயிற்று. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைப் படத்தை அச்சிட்டுத்தான் உண்மையை ஊருக்குச் சொன்னது.

அந்த டானிக்கில் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. மதுவை எதிர்த்து இயக்கம் நடத்திய பெண்கள்கூட உள்ளே இருப்பது தெரியாமல் கரண்டி கரண்டியாகக் குடித்தார்கள். ஹராம், ஹலால் பார்த்து உண்ணும் நமக்கு இதில் தனியாக ஒரு பாடம் உண்டு. உள்ளடக்கம் எழுதாத பாட்டிலை, ‘மூலிகை’ என்ற ஒரு சொல்லை நம்பி வாயில் ஊற்றக் கூடாது.

அந்தரங்கக் கடிதங்களின் கதி அதைவிடக் கொடுமை. பதில் எழுதி முடித்ததும் பல நிறுவனங்கள் அவற்றைக் கட்டுக்கட்டாகத் தரகர்களிடம் விற்றன. இன்ன நோய் உள்ளவர், இன்ன ஊர் என்று தரம் பிரித்து, வேறு மருந்து விற்பவருக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒருவரிடம் ஏமாந்தவரின் முகவரி அடுத்தவருக்கு விலையுள்ள சரக்கு.

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1898-இல் லண்டனில் நடந்த வழக்கு ஒன்று போதும். கிரைம்ஸ் என்ற குடும்பத்தின் மூன்று சகோதரர்கள், பெண்களின் மாதவிடாய்த் தடை நீக்கும் மாத்திரை என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து தபாலில் விற்றார்கள். கருவைக் கலைப்பது என்பதே அதன் மறைபொருள் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரும் முகவரியும் சேர்ந்ததும், சகோதரர்கள் ஒரு பொய்ப் பெயரில் அந்தப் பெண்களுக்கே மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள்: நீ செய்தது குற்றம், இரண்டு கினி அனுப்பாவிட்டால் வழக்கு வரும் என்று. இரண்டு கினி என்றால் 42 ஷில்லிங். கணவனுக்கும் மாமியாருக்கும் தெரிந்துவிடுமோ என்று பயந்து பலர் பணம் அனுப்பினார்கள். கடைசியில் விஷயம் காவல்துறைக்குப் போய், மூவரும் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள்.

இந்த வியாபாரம் நின்றது இரண்டு மறைப்புகளின் மேல். உள்ளே என்ன இருக்கிறது என்பதை விற்பவர் மறைத்தார். தனக்கு என்ன நோய் என்பதை வாங்குகிறவர் மறைத்தார். ஏமாந்த பிறகும் அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆண்மைக் குறைவு, பால்வினை நோய், குழந்தையின்மை, வலிப்பு, குடிப்பழக்கம் என்று எந்த நோயைச் சொல்ல வெட்கமோ, அந்த நோய்க்குத்தான் தபால் மருந்து அதிகமாக விற்றது.

நன்றிக் கடிதங்களை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு விளம்பரத்திலும் குணமானவர்களின் கடிதங்கள் இருந்தன. சில பொய்யானவை, ஆனால் உண்மையானவையும் உண்டு. அது எப்படி?

முதலாவது, பல நோய்கள் தாமாகவே தீரும். சளியும் வயிற்றுக் கோளாறும் ஒரு வாரத்தில் போய்விடும். புகழ் கடைசியாகக் குடித்த மருந்துக்குச் சேரும். இரண்டாவது, அபினும் ஆல்கஹாலும் வலியை மறக்கடிக்கும். நோய் உள்ளேயே இருக்கும். நோயாளிக்கோ தேறிவிட்டது போலத் தோன்றும். மூன்றாவது, குணமாகாதவரின் கடிதத்தை யாரும் அச்சிடுவதில்லை. இறந்தவர் நன்றிக் கடிதம் எழுதுவதும் இல்லை. ஆயிரம் பேரில் பத்துப் பேர் எழுதினால் அந்தப் பத்தும் விளம்பரத்தில் வரும். மீதிக் கணக்கு யாருக்கும் தெரியாது.

காலத்துக்கேற்ற அறிவியல் சொல்லும் உதவிக்கு வந்தது. மின்சாரம் புதுமையாக இருந்த 1880-களில், ஹார்னஸ் என்பவரின் நிறுவனம் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ‘மின்சார பெல்ட்’ விற்றது. இடுப்பில் கட்டினால் நரம்புத் தளர்ச்சி, மூட்டுவலி எல்லாம் போகும் என்றார்கள். அந்தப் பெல்ட்டால் எந்தப் பயனும் இல்லை என்று 1893-இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அந்தத் தொழில் சரிந்தது.

தர்மம் செய்தால் மருந்து உண்மையாகிவிடுமா?

ஒரு அறக்கட்டளையின் மடலில் இதையும் பேசியாக வேண்டும். தாமஸ் ஹாலோவே என்பவர் 1837 முதல் களிம்பும் மாத்திரையும் விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். ஆரம்பத்தில் விளம்பரக் கடன் கட்ட முடியாமல் சிறைக்கும் போனவர். பிற்காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுண்டு செலவிட்டார் என்பார்கள். அவர் 1883-இல் இறந்தார். அவருடைய பணத்தில் 1885-இல் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றும், 1886-இல் பெண்களுக்கான பெரிய கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டன. கல்லூரியைத் திறந்து வைத்தவர் விக்டோரியா மகாராணியே. அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. அதில் படித்த பெண்கள் அடைந்த நன்மை உண்மை. ஆனாலும் அவருடைய மாத்திரை எல்லா நோயையும் தீர்த்தது என்று ஆகிவிடாது. கொடுப்பவரின் நற்செயலுக்கு நன்றி சொல்வோம். அவர் விற்ற பொருளைத் தனியாகச் சோதிப்போம். மேடையில் நன்கொடை அறிவித்தவர் என்பதற்காக அவருடைய லேகியத்தை நம்பி வாங்க வேண்டியதில்லை.

வெளிச்சம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் 1905-இல் ‘காலியர்ஸ்’ இதழில் இந்த வியாபாரத்தைத் தோலுரித்துத் தொடர் எழுதினார். மற்றப் பத்திரிகைகள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போது வெளிவந்தது. மருந்து வியாபாரத்தைப் பாதிக்கும் சட்டம் வந்தால் விளம்பர ஒப்பந்தம் ரத்தாகும் என்ற நிபந்தனையில் பல பத்திரிகைகள் கையெழுத்திட்டிருந்தன. மறு ஆண்டே, 1906-இல், ஒரு சட்டம் வந்தது. ஆல்கஹால், அபின், மார்ஃபின் போன்றவை இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்றது. மருந்தைத் தடை செய்யவில்லை. எழுதச் சொன்னது, அவ்வளவுதான். அதுவே பல தாய்மார்களின் கண்ணைத் திறந்தது.

பிரிட்டனில் 1912-இல் நாடாளுமன்றக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1914 ஆகஸ்டில் வந்த வேளையில் உலகப் போர் மூண்டு, அறிக்கை மூலைக்குப் போயிற்று. உள்ளடக்கத்தைப் பாட்டிலில் எழுதியே தீர வேண்டும் என்ற சட்டம் 1941-இல்தான் வந்தது. நம் நாட்டில் 1954-இல் வந்த சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. அப்படியொரு விளம்பரம் கைப்பேசியில் வந்தால், விளம்பரம் செய்பவர் முதலிலேயே சட்டத்தை மீறிவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? ‘ரகசிய மூலிகை’, ‘பரம்பரை மருந்து’ என்பவை பதில் ஆகாது.

2. ஒரே மருந்து எத்தனை நோய்களைத் தீர்க்கும் என்கிறார்கள்? பட்டியல் நீள நீளச் சந்தேகமும் நீள வேண்டும்.

3. பெட்டியில் உள்ள முத்திரையும் எண்ணும் எதற்குச் சாட்சி? வரி கட்டியதற்கா, தொழில் பதிவுக்கா, மருந்து வேலை செய்யும் என்பதற்கா?

4. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? இன்சுலினையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ, வலிப்பு மாத்திரையையோ நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்றால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

5. இதை வாங்குவதை வீட்டில் யாரிடமாவது சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், மருந்தைவிட அந்தத் தயக்கத்தை முதலில் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. பிள்ளையில்லாத மருமகளோ, திருமணத்துக்குப் பயப்படும் வாலிபனோ, மார்பில் கட்டியை மறைக்கும் தாயோ, நம் வீட்டில் வாய் திறந்து பேச முடியுமானால் தபால் மருந்துக்கு வேலை இல்லை. கேலி செய்யாமல் கேளுங்கள். துணைக்கு ஒருவர் அரசு மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். தெரியாத பாட்டில் வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வெட்கமும் தேவையில்லை.

அனைவருக்கும் பூரண சுகத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.